அக்காவை அளந்த பிறகு

ஐந்தாம் வகுப்பில் ஓராண்டு முழுவதும் நானும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மூன்றாம் வகுப்பில் ஒருமுறையும் ஐந்தில் ஒருமுறையும் அவளை மறுபடி உட்கார வைத்ததால் நான் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டேன். அடுத்த ஆண்டு நான் ஆறாம் வகுப்புக்குப் போனேன். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சாயங்காலம் என்னை அழைத்துப் போகப் பள்ளிக்கூட வாசலுக்கு வருவாள். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வாள்.

ஆவுடையார்கோவிலில் எங்கள் தெருவில் அவளைப் பற்றிப் பேசுவதற்குச் சில சொற்கள் இருந்தன. வெள்ளந்தி என்பார்கள். வெகுளி என்பார்கள். கொஞ்சம் கோபமாக இருந்தால் மந்தம் என்பார்கள். அம்மா சொல்வது ஒன்றுதான்: "அவளுக்கு வெவரம் பத்தாது." இவற்றையெல்லாம் அன்பான சொற்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்தாது என்றால் கொஞ்சம் இருக்கிறது, மீதியைக் கூட இருப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம். அப்படித்தான் நடந்தது. அவள் கடைக்குப் போனால் கடைக்காரர் மீதிச் சில்லறையை ஒரு தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நிறுத்தம் வந்ததும் குரல் கொடுப்பார். அவளுக்கு என்று தனியாக யாரும் எதையும் செய்ததாக நினைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குப் பதினெட்டு வயதானபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள். வெங்காயம் உரிப்பது, மீன் கழுவுவது, இலை போடுவது. மெஸ்ஸை நடத்தியவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன, பிள்ளை இல்லை. விடியற்காலையில் கட்டுமாவடிக்கு பைக்கில் போய் மீன் எடுத்துவந்து தானே குழம்பு வைப்பார். ஒருவகையில் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட.

அக்கா அங்கே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள் என்று சொன்னால் அது பொய். கல்லாவில் உட்கார வைத்தால் குழம்பிப்போவாள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சொன்னால் இரண்டையும் விட்டுவிட்டு நிற்பாள். சில நாள் எதற்கோ கோபித்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவர் போய் ஒரு டீயைக் கொடுத்து, பத்து நிமிடம் விட்டுவிட்டால் திரும்பி வந்துவிடுவாள். சாப்பிட வருகிறவர்கள் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அவர்களுக்கு ஒரு கரண்டி ரசம் கூடுதலாக ஊற்றுவாள்.

நான் திருச்சியில் உளவியல் படிக்கப் போனேன். வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். முதலாண்டில் உளவியலின் வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் ஆரம்பிக்கும், வியன்னாவுக்குப் போகும், கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போகும். இந்தியா என்று ஒரு சிறிய பகுதி கடைசியில் வரும். பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது என்பதால் யாரும் படிக்கமாட்டோம்.

அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அறிவுத்திறன் சோதனையின் கதை. பாரிஸில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி தேவையா என்று பார்ப்பதற்காகச் சில கேள்விகளைத் தயாரித்தார். அதில் வருகிற அளவு பிள்ளையோடு பிறந்து பிள்ளையோடு சாவது கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். அதே கேள்விகள் கப்பல் ஏறி வேறொரு நாட்டுக்குப் போனதும் ஒற்றை எண்ணாக மாறின. துறைமுகத்தில் வந்து இறங்கிய, அந்த நாட்டு மொழி தெரியாத மனிதர்களிடம் அவற்றைக் கேட்டு, பதில் தெரியாதவர்களை மந்தபுத்தி என்று பிரித்தார்கள். பிறகு அது உலகம் முழுவதும் சுற்றி, மொழிபெயர்க்கப்பட்டு, எங்கள் ஊருக்கும் வந்தது. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கோ எப்போதோ யாருக்கோ நடந்த அநியாயத்துக்கு வருகிற கோபம். அது வருவது சுலபம்.

நான் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தபோது மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கிற முகாம் ஒன்று நடப்பதாக அப்பா கேள்விப்பட்டார். அடையாள அட்டை கிடைத்தால் மாத உதவித்தொகை வரும், பஸ்ஸில் சலுகை உண்டு. அப்பாவுக்கு அப்போதே நெஞ்சு வலி ஆரம்பித்திருந்தது. தனக்குப் பிறகு இவளுக்கு ஏதாவது இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். படிக்கிற பிள்ளை நீ கூட வா என்று என்னைக் கூப்பிட்டார். விடுமுறையில் இருந்த நான் போனேன்.

முகாம் நடந்த இடத்தில் கூட்டம் அதிகம். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள், காது கேட்காதவர்கள். அக்கா எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தவள், "நாம எதுக்கு இங்கிட்டு வந்துருக்கோம்?" என்று கேட்டாள். அப்பா, ஒரு பரீட்சை என்றார். அவள் சிரித்தாள். பரீட்சை என்றால் தான் பெயிலாகப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும்.

சோதனை செய்தவர் என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். காலையிலிருந்து சாப்பிடாத முகம். ஆனாலும் பொறுமையாக, அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளதுபோல் அடுக்கச் சொன்னார். அக்கா படத்தைப் பார்க்காமல் சிவப்புக் கட்டைகளை எல்லாம் ஒருபக்கமாக வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒற்றுமைக் கேள்விகள். கட்டிலுக்கும் பாய்க்கும் என்ன ஒற்றுமை என்று அவர் கேட்டார்.

"கட்டில் அப்பாவுக்கு. பாய் எங்களுக்கு," என்றாள் அக்கா.

அவர் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டார். அக்கா அதே பதிலை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அவர் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். என்ன குறித்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டும் படுக்கப் பயன்படுபவை என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கு எது என்று அவள் சொன்னது உண்மை. ஆனால் கேள்வி எங்கள் வீட்டைப் பற்றியது இல்லை. எந்த வீட்டையும் பற்றியது இல்லை.

முடிந்ததும் அப்பாவும் அக்காவும் வெளியே போய் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்று, நானும் உளவியல்தான் படிக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். அக்கா ஒரு மெஸ்ஸில் வேலை பார்க்கிறாள், வீட்டில் எல்லாம் செய்வாள், இந்தச் சோதனையில் அதெல்லாம் வராதே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் தெரியும்ங்க. நானும் ஒங்கள மாதிரி படிச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா கொறச்சலா வந்தாத்தான் ஒங்களுக்கு உதவித்தொகை கெடைக்கும். எல்லைக் கோட்டுல இருக்காங்க. நான் எந்தப் பக்கம் போடட்டும், நீங்களே சொல்லுங்க."

வெளியே அப்பா தூணில் சாய்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. உதவி கிடைக்கிற பக்கமே போடுங்கள் என்றேன். அவரும் தலையாட்டினார். அந்த அறையில் அக்காவுக்குக் கெடுதல் நினைத்தவர்கள் யாரும் இல்லை.

அட்டை வந்தது. அக்காவின் படம், அப்பாவின் பெயர், அதற்குக் கீழே அரசுத் தமிழில் அவளுக்கு ஒரு பெயர். மனவளர்ச்சி குன்றியவர் என்று முன்பு எழுதுவார்கள். அறிவுசார் குறைபாடு என்று பின்னால் மாற்றினார்கள். மாற்றியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் மாற்றினார்கள். அதன் பக்கத்தில் ஒரு சதவீதம் இருந்தது. அம்மா சொல்லிவந்த பத்தாது என்ற சொல்லுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. இப்போது எவ்வளவு என்று தெரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் பேச்சில் அறிவு என்று நாங்கள் பொதுவாகச் சொல்வது குறைவு என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். சூட்டிகை என்போம், அது வேகம். விவரம் என்போம், அது உலகம் தெரிந்திருப்பது. சமத்து என்றால் சொன்னதைக் கேட்டு அனுசரித்து நடப்பது. பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. அக்காவிடம் சூட்டிகை இல்லை, விவரம் குறைவு, சமத்து பாதி நாள் உண்டு, பொறுப்பு நிறைய. இவை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சி ஓர் எண்ணாக இறக்கிவைக்கலாம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த ஆண்டு தை பிறந்ததும் மெஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாக வரவில்லை. அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் பழம், பூ, வெற்றிலையோடு வந்தார்கள். அம்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. என்னைப் பெண் கேட்டு வந்திருப்பதாக நினைத்து, இவள் இன்னும் படிக்கிறாளே என்று ஆரம்பித்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளையை இல்லை, பெரிய பிள்ளையைத்தான் என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

அக்காவுக்கு அன்றைக்கு அம்மா எடுத்துவைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டிவிட்டோம். அவள் காபித் தட்டை எடுத்துப்போய் அவருக்குக் கொடுத்துவிட்டு, மெஸ்ஸில் கேட்பதுபோலவே சர்க்கரை போதுமா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய அக்காவும் சிரித்தார். உனக்கு இவரைப் பிடித்திருக்கிறதா என்று நான் தனியாகக் கேட்டபோது, "அவுக என்னைய வைய மாட்டாக," என்றாள். அது போதுமா என்று கேட்டேன். வேறு என்ன வேண்டும் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

பங்குனிக்குள் பேசி முடிக்கலாம் என்று இருந்தது. அட்டையைப் பற்றி அம்மாதான் சொன்னாள். நாளைக்குத் தெரிந்து மறைத்துவிட்டார்கள் என்று பேச்சு வரக்கூடாது என்பதற்காக, அவருடைய அக்காவை உட்காரவைத்து உள்ளதைச் சொல்லி அட்டையையும் காட்டினாள். அந்த அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். அக்காவை அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறார். வெவரம் கொஞ்சம் கம்மி, நாம பாத்துக்கலாம் என்று அவரே தம்பியிடம் சொல்லித்தான் பெண் கேட்க வந்திருந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகம் மாறியிருந்ததாக அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். பிறக்கிற பிள்ளையும் இப்படி இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். கவர்மெண்டே எழுதிக் கொடுத்த பிறகு இந்தக் கல்யாணம் செல்லுமா, நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் மாப்பிள்ளையைத்தானே பிடிப்பார்கள் என்று இன்னொருவர் கிளப்பினார். அவருக்குச் சட்டம் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. பயம் மட்டும் பரவியது.

மெஸ்காரர் என்னைப் பார்க்க வந்தார். நான் ஊருக்கு வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். சட்டையில் மீன் வாசனை இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"நீங்க இதத்தான் படிக்கிறீங்கன்னு சொன்னாக. அந்தக் கார்டுல இருக்குறது நெசமா?"

நான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாரிஸையும் பள்ளிக்கூடத்தையும் கப்பலையும் துறைமுகத்தையும் சொன்னேன். கட்டிலையும் பாயையும் சொன்னேன். எல்லைக் கோட்டில் இருந்தவளை உதவித்தொகைக்காகத்தான் அந்தப் பக்கம் தள்ளினார்கள் என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இடையில் ஒருமுறை, பாய் விஷயத்துக்கு, லேசாகச் சிரித்தார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. எனக்குத் தெரியாத புள்ளையா அது? ஆனா அதுல சீல் இருக்கே. எங்க அக்கா அந்தச் சீலைத்தான் பாக்குறாக."

மறுபடி சோதித்து மாற்றி எழுத முடியுமா என்று கேட்டார். முயற்சி செய்கிறேன் என்றேன். உண்மையாகவே முயன்றேன். என் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டு, திருச்சியில் ஒரு மருத்துவரிடம் நாள்கூட வாங்கினேன். அப்பா முதலில் சரி என்றார். பிறகு, மாற்றி எழுதிய பிறகு கல்யாணமும் நடக்காமல் போனால் உதவித்தொகையும் போய்விடுமே என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் தடுத்ததால் நின்றுபோகவில்லை. அக்காதான் வரமாட்டேன் என்றாள். பஸ்ஸுக்குக் கிளம்புகிற அன்று காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் கேட்பது எதுவும் தனக்குத் தெரியவில்லை, மறுபடி அங்கே போகமாட்டேன் என்றாள். நான் இழுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மெஸ்காரர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். மீமிசல் பக்கம் அவருடைய அக்கா பெண் பார்த்து முடிவுசெய்ததும், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் தானே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவுக வேண்டாம்னாகளா, அவுக அக்கா வேண்டாம்னாகளா?"

"அவுக அக்காதான்," என்றாள் அம்மா.

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

மறுநாள் வழக்கம்போல மெஸ்ஸுக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகும் போனாள். புது மனைவி நல்ல பெண்தான். ஆனால் நடந்தது அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா. கொஞ்ச நாள் கழித்து, இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று அந்தப் பெண்ணே மென்மையாகச் சொல்லியனுப்பினார். அதன்பின் இரண்டு ஆண்டுகளில் மெஸ்ஸை அறந்தாங்கிக்கு மாற்றிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். பச்சைப் புடவையை அக்கா பெட்டியில் வைக்கவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடும்போதுகூட அதையே கட்டினாள். கிழிகிறவரை கட்டினாள்.

அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவும் அக்காவும் ஊரில் இருக்கிறார்கள். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதலாண்டுக்கு வரலாற்றுத் தாள் என்னுடையதுதான். சோதனையின் கதையை நடத்தும்போது பிள்ளைகளுக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்தக் காலத்தில் எவ்வளவு மோசமாக இருந்திருக்கிறார்கள் மேடம் என்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்கிறேன். அக்காவைப் பற்றி ஒருமுறைகூட வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் அவளும் ஓர் உதாரணமாகிவிடுவாள்.

கடந்த ஆண்டு எங்கள் தெருவில் உள்ள மகளிர் குழுவுக்குப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற வேலை கிடைத்தது. ஒருத்தி குறைந்தாள். அக்காவின் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் வந்து கேட்டார்கள். அடுப்பையும் காய்கறியையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், கணக்கு வழக்கை நாங்கள் பார்க்கிறோம் என்றார்கள். சனிக்கிழமையாதலால் நானும் வீட்டில் இருந்தேன். அவள் போவாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு அறிவு கம்மிங்க. கவர்மெண்டுல எழுதிருக்காக. சின்னப் பிள்ளைகளுக்கு எதாச்சும் ஆயிட்டா?" என்றாள் அக்கா. சலிப்பாகச் சொல்லவில்லை. தனக்குச் சர்க்கரை நோய் என்று ஒருவர் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அந்த அட்டையில் இருப்பது தப்பு என்றேன். அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தை லேசாகத் தட்டி நிறுத்தினாள்.

"நீதான பாப்பா கூட வந்த. தப்புன்னா அன்னைக்கே சொல்லிருப்பியே."

அதில் குற்றச்சாட்டு இல்லை. நான் தப்பாக எதையும் விட்டிருக்கமாட்டேன் என்று அவள் நம்புகிறாள். என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்த காலத்திலிருந்தே, படித்தவள் நான் என்பது அவளுக்கு முடிவான விஷயம். அந்த நம்பிக்கையை எதைச் சொல்லி அசைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அசைத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்றும் தெரியவில்லை.

குழுவுக்கு வேறு ஒருத்தி கிடைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, இன்றைக்கு உப்புமாவா பொங்கலா என்று அவர்களைக் கேட்கிறாள். அவர்கள் ஓடிக்கொண்டே பதில் சொல்கிறார்கள்.